இளங்கன்றுக்கு எது மறைப்பு: பனையோலையா, பச்சை வலையா, சீமைக்கிளுவையா?

லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர், தோட்டத்தில் வைத்த யூக்கலிப்டஸ் கன்று உறைபனியில் கருகிவிட்டது என்று படம் அனுப்பினால், அதை ஆடி மாதத்தில் வட இலங்கையின் வன்னி வளவொன்றில் நிற்கும் மாங்கன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இலை விளிம்பு பழுப்பாகிச் சுருண்டிருக்கும். காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான். உறைபனி விழும்போது இலைக்குள் கலங்களுக்கு இடையிலுள்ள நீர் கட்டியாகி, கலங்களின் உள்ளே இருக்கும் நீரையும் இழுத்து எடுத்துவிடுகிறது. கன்று குளிரில் நின்றபடியே காய்ந்துபோகிறது. வன்னியில் அந்த வேலையைச் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று செய்கிறது.

இலங்கையில் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் போகவேண்டும். வன்னிக்கு அது கிடையாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கு கிழக்கில் ஏராளமான மாடுகள் செத்துப்போயின. அந்தக் குளிர்கூட உறைபனிக்குக் கிட்ட வரவில்லை.

ஆனால் மறைப்புக் கட்டும் முறையை மட்டும் குளிர்நாட்டுக்காரரிடம் இருந்து அப்படியே எடுக்கக்கூடாது. உறைபனி இரவில் நிலத்தின் சூடு திறந்த வானத்துக்குப் போய்விடுகிறது, அதனால் அவர்கள் கன்றை மேலிருந்து மூடுகிறார்கள். எங்களுக்கு அடி பக்கவாட்டில் இருந்து வருகிறது: வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று, மேற்கிலிருந்து பின்னேர வெயில். உச்சிக்கு மேல் பந்தல் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டால், நிழலில் நின்றபடியே கன்று வாடும்.

இதை வைத்துத்தான் பச்சை வலையையும் பனையோலையையும் எடைபோட வேண்டும். வலை வாங்கக் காசு வேண்டும், ஆனால் கட்டுவது சுலபம். ஐம்பது வீத நிழல் வலை காற்றை ஓரளவு விட்டு ஓரளவு மறிக்கும். அது நல்ல குணம். முழுக்க அடைத்த மறைப்பில் மோதும் காற்று மேலால் ஏறி, பின்பக்கத்தில் சுழன்று விழுந்து கன்றை உலுப்பும். வலையின் சிக்கல் கட்டும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலானோர் அதை நாலு கம்பில் மேலே விரித்துக் கட்டுகிறார்கள். சோழகம் அதைப் பாய்மரம் மாதிரி ஊதித் தூக்கும், கம்பு பிடுங்கும், வலை இலையில் உரசி உரசிக் குருத்தை முறிக்கும். இழுத்து, நிமிர்த்தி, தென்மேற்குப் பக்கம் மட்டும் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

பனையோலை சும்மா கிடைக்கும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. உட்காட்டுப் பக்கக் குடியேற்றங்களில் ஓலையைத் தேடிப்போய் ஏற்றிவரத்தான் வேண்டும். ஆனால் கிடைத்துவிட்டால் என் கை ஓலைப் பக்கம்தான் போகும். கனமானது, காற்றில் படபடக்காது. கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டினால் வலை செய்வதையே செய்யும். வெள்ளாடும் கட்டாக்காலி மாடும் வலையை முகத்தால் தள்ளிவிட்டு உள்ளே வரும், ஓலை மட்டைக்குக் கொஞ்சம் யோசிக்கும். தென்னங்கிடுகும் ஆகும், ஆனால் நெருக்கமாக முடைந்தது என்பதால் அடைசலாகிவிடும். இரண்டுக்கும் எதிரி கறையான். ஓலை நுனி மண்ணில் படாமல் நாலு விரல் உயர்த்திக் கட்டுங்கள். கறையான் ஓலையோடு நிற்காது, கன்றின் அடிப்பட்டைக்கும் போகும். யூக்கலிப்டஸ் கன்று வைத்தவர்களுக்கு இது இரட்டைக் கவலை, அதன் இளவேர் கறையானுக்குப் பிடித்தமானது.

சீமைக்கிளுவையின் (கிளிரிசிடியா) கதியால், அதாவது துளிர்க்கும் தடி, நட்டு உயிர்வேலி எழுப்பலாம் என்பது மூன்றாவது வழி. நீண்ட காலத்துக்கு அதுதான் சிறந்தது, குழை பசளைக்கும் உதவும். ஆனால் கார்த்திகை மழைக்கு நட்ட கதியால் அடுத்த சோழகத்துக்குள் கன்றை மறைக்கும் அளவுக்கு அடர்ந்துவிடும் என்று நம்பவேண்டாம். கிட்ட நட்டால் கன்றின் தண்ணீரையும் அதுவே குடிக்கும். ஆறேழு அடி தள்ளி நடுங்கள், முதல் கோடைக்கு ஓலையைத் துணைக்கு வையுங்கள்.

மறைப்பு எதுவானாலும் தண்ணீரின் இடத்தைப் பிடிக்காது. வவுனியாச் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும், அடியில் வைக்கோல் மூடாக்கு இல்லாமல் ஊற்றிய தண்ணீர் மேலால் ஓடிவிடும். மன்னார்ப் பக்க முருங்கன் களிமண்ணில் பிரச்சினை வேறு, அது வெடித்து வேரை அறுக்கும். அங்கேயும் மூடாக்குத்தான்.

அப்புறம், கருகிய கன்றைக் கண்டவுடன் கத்தியை எடுக்கவேண்டாம். லண்டன் உறவினருக்கும் இதையே சொல்லுங்கள். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால், உள்ளே பச்சை தெரியும் இடம் வரை உயிர் இருக்கிறது. யூக்கலிப்டஸில் பல இனங்கள் மேலே பட்டுப்போனாலும் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அவர் குளிர்காலம் முழுவதும் போகும்வரை பொறுக்கட்டும். நாங்கள் ஐப்பசி மழை விழுந்து துளிர் வரும் வரை பொறுத்து, அதன் பிறகு பட்டதை மட்டும் வெட்டலாம்.