ரெண்டு படம்னு காசு வாங்கிட்டு ஒரு படம் காட்டுன டிக்கெட் ஆப்பு: 2,360 ரூபாய் போச்சு

திருப்பூர், அவிநாசி, கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. வயிறு எரிஞ்சுதான் எழுதறேன்.

ஆள்கடத்தல் பத்தி வந்த திரில்லருக்கு ரெண்டாம் பாகம் வந்திருக்குதில்ல, அதுக்கு ஒரு டிக்கெட் ஆப்புல 'சிறப்புக் காட்சி'ன்னு போட்டிருந்தாங்க. முதல் பாகமும் சேர்த்து ஒரே டிக்கெட். நாலு பேருக்கு 2,360 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் வாங்குன கையோட அவங்க நம்பருக்கே கூப்பிட்டேன். "ரெண்டு படமும் கண்டிப்பா உண்டுங்ணா, நீங்க தைரியமா போடுங்க"ன்னு ஒரு பொண்ணு நம்ம ஊர்ப் பேச்சுல சொல்லுச்சு. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது, கட்டிட்டேன்.

எனக்கு முதல் பாகந்தான் முக்கியம். எங்க சின்னம்மா பொண்ணு சுமங்கலித் திட்டத்துல மில்லுக்குப் போனவ. ஊருக்குத் தெரிஞ்ச புரோக்கர் வந்து, மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னு பேசிக் கூட்டிட்டுப் போனான். நடுவுல வந்துட்டா அந்த மொத்தம் கைக்கு வராது. முதல் பாகத்துல இதை அப்படியே எடுத்திருந்தாங்க. அவ பாக்கணும்னுதான் கூட்டிட்டுப் போனேன்.

தியேட்டர்ல நேரா ரெண்டாம் பாகத்தைப் போட்டுட்டாங்க. மேனேஜரைக் கேட்டா, "எங்களுக்கு ஒரு படந்தாங்க வந்துச்சு, ஆப்புல கேளுங்க." ஆப்புல கேட்டா, "தியேட்டர்ல கேளுங்க." அப்புறம், "படம் பார்த்துட்டீங்களே சார், ரீஃபண்ட் வராது." கடைசியா சாட்டுல ஏதோ மெஷின் மன்னிப்புக் கேட்டு நூறு ரூபாய் கூப்பன் குடுத்துச்சு, 'புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மூடிருச்சு. 2,360 ரூபாய்க்கு நூறு ரூபாய்! அதுவும் அவங்ககிட்டயே மறுபடி டிக்கெட் எடுத்தாத்தான் செல்லுமாம்.

சரி, ரெண்டாம் பாகமாவது உருப்படியான்னா அதுவும் இல்ல. மில்லைக் காணோம், புரோக்கரைக் காணோம். கன்டெய்னர், கப்பல், ஹெலிகாப்டர்ல கோட்டுப் போட்டு இறங்கற வில்லன், நடுவுல ஒரு குத்துப்பாட்டு. இடைவேளையிலயே அவ "ஏனுங்ணா, போலாமா"ன்னுட்டா.

உஷாரா இருக்க என்னென்ன செய்யணும்னு விளக்கமா எழுதலாம்னு இருந்தேன், இப்ப கை ஓடல. காசு கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. நான் சண்டை போட்டதும் 'ரெண்டு படம்'ங்கறதையே தூக்கிட்டாங்க. போன்ல சொல்றதைச் சாட்டுல எழுதி வாங்குங்க. தியேட்டருக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, அதுல புகார் பண்ணியிருக்கேன். பதினெட்டு வயசு ஆகாத புள்ளைகளை வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எவனாவது ஊருக்குள்ள வந்தா குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்க, இவங்க படத்துல அந்த நம்பரைக்கூடப் போடல.

2,360 ரூபாய் இன்னும் வரல.