ஆயில் பேஸ்டலில் அடுக்கு ஏற்றுவது: சில வருட அனுபவம்

கேமல் பெட்டியில் தொடங்கி, அப்புறம் கொரியாவின் முங்யோ, பிரான்ஸின் சென்னலியே பிராண்டுகள் என்று சில வருடங்களாக ஆயில் பேஸ்டலோடுதான் (மெழுகும் எண்ணெயும் கலந்த வண்ணக் குச்சி) இருக்கிறேன். அடுக்குகள் எத்தனை ஏறும் என்பதைக் குச்சியின் விலையைவிடத் தாள்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

தாளின் சொரசொரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்கள்தான் நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதல் அடுக்கையே அழுத்தித் தேய்த்தால் அவை அடைந்துபோகும். அடுத்த நிறம் ஒட்டாமல் வழுக்கும். அதனால் குச்சியைப் படுக்கவைத்து, தாளின் வெள்ளை புள்ளி புள்ளியாகத் தெரியும்படி லேசாகத்தான் தொடங்குகிறேன். தடிமனான தாள் என்றால் அந்த முதல் அடுக்கை டர்பென்டைன் தொட்ட தூரிகையால் கரைத்துப் பரப்பலாம். அது ஆவியானதும் சொரசொரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

கெட்டிக் குச்சி அடியில், மென்மையான குச்சி மேலே. மாற்றிப் போட்டால் கெட்டிக் குச்சி கீழிருக்கும் நிறத்தைச் சுரண்டி எடுத்துவிடும். பிக்காசோவுக்காக 1949-ல் உருவான சென்னலியே உதட்டுச்சாயம் போல வழுவழுவென்று இறங்கும். அடர்ந்த நிறத்தின் மேலும் வெளிச்சப் புள்ளி வைக்கலாம். முழுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. வெள்ளையும் இரண்டு மூன்று வெளிர் நிறங்களும் தனிக் குச்சிகளாகக் கிடைத்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாழையிலை வரைவது. அடியில் எலுமிச்சை மஞ்சள், மேலே பச்சை, நிழலுக்குக் கருப்பு வேண்டாம், கருநீலம். பிறகு பல்குத்தும் குச்சியால் கீறினால் நரம்புகள் மஞ்சளாக வெளியே வரும். வெளிர் நிறத்துக்குப் போகும்முன் ஒவ்வொரு முறையும் குச்சியின் முனையைத் துணியில் துடைப்பேன். இல்லாவிட்டால் மஞ்சள் அழுக்காகிவிடும்.

குறை என்றால், இது முழுதாகக் காய்வதே இல்லை. இதில் இருப்பது மெழுகும் காயாத கனிம எண்ணெயும். (ஆளி விதை எண்ணெய் கலந்த ஆயில் ஸ்டிக் வேறு பொருள், அது தோல் கட்டிக் காயும்.) சித்திரை வெயிலில் குச்சிகள் குழைந்தால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறேன். முடித்த படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்கிறேன். ஃபிரேம் போடும்போது சுற்றிலும் மவுண்ட் (அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நேரடியாகப் பட்டால் நிறம் அதில் ஒட்டிக்கொள்ளும்.