கால் மெஷினா, மோட்டார் ஸிக்ஸாக்கா, கம்ப்யூட்டர் மெஷினா? சுவர்ல மாட்டுற எம்பிராய்டரிக்கு எது சரி?

கீழக்கரையில இருந்து தங்கச்சிமடம் வரைக்கும் நிறைய வீட்டுல ஒரு கறுப்பு கால் மெஷின் மூலையில கெடக்கும். அதை விட்டுட்டு "எந்த மெஷின் வாங்கணும்க்கா"ன்னு கேக்குறாங்க பிள்ளைங்க. ப்ளவுஸ் டிசைனுக்கு இல்ல, பாம்பன் பாலம், வத்தைப் படகு, கிளிமீன்னு துணியில படமா தச்சு சுவர்ல மாட்டுறதுக்கு. என் ஓட்டு அந்த கறுப்பு மெஷினுக்குத்தான்.

கம்ப்யூட்டர் மெஷினை முதல்லயே ஒதுக்கிரலாம். டிசைனை ஏத்திட்டா ஃப்ரேமை அதுவே நகத்தும், ஒரே மாதிரி நூறு பூ வேணும்னா, ஆர்டர் எடுக்குறவங்களுக்கு, நல்லது. அலையோட வளைவைப் பாதியில மாத்தணும்னு தோணுனா அங்க நம்ம கைக்கு வேலையே இல்ல.

ஃப்ரீ எம்பிராய்டரின்னா துணியைத் தள்ளுற பல்லை இறக்கிட்டு, துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தைக் கழட்டிட்டு, ரிங்குல விறைப்பா மாட்டுன துணியை நாமளே ஊசிக்கு அடியில நகத்துறது. தையல் நீளத்தை கை வேகமும் ஊசி வேகமும் சேந்துதான் முடிவு பண்ணும். இங்கதான் மோட்டார் புதுசா பழகுறவங்களைப் படுத்தும், பெடலை லேசா அமுக்குனாலே சிலதுல ஊசி பறக்கும், கை பின்னாடி ஓடணும், துணியை வெடுக்குன்னு இழுத்தா ஊசி வளைஞ்சு தகட்டுல அடிச்சு ஒடியும். கால் மெஷின்ல ஒவ்வொரு குத்தா நிறுத்தலாம். கிளிமீனோட கண்ணு தைக்கிறப்ப சக்கரத்தைக் கையால திருப்பி நாலே குத்து, முடிஞ்சுச்சு. கரண்ட் போனாலும் வேலை நிக்காது.

ஆனா மிதி பழகணும், சக்கரம் பின்னாடி சுத்துனா நூல் அறும். சில மெஷின்ல பல்லை இறக்க அடியில திருகு இருக்கும், இல்லாட்டி மூடுற தகடு போட்டுக்கலாம். பாதம் இல்லைன்னாலும் அதோட லிவரை இறக்கித்தான் தைக்கணும், இல்லைன்னா மேல்நூலுக்கு டென்ஷனே, அதாவது இழுவிசையே, கெடைக்காது, அடியில நூல் கூடு கட்டிரும்.

ஊசி இடமும் வலமும் ஆடித் தைக்கிற ஸிக்ஸாக் மோட்டார் மெஷின் ஜெயிக்கிற இடம் கடல் தண்ணி. தையல் அகலத்தைக் கூட்டிக் கொறச்சு துணியைப் பக்கவாட்டுல நகத்துனா பச்சையும் நீலமும் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சு சட்டுனு நெறையும், கால் மெஷின்ல அதே இடத்துக்கு முன்னும் பின்னும் கோடு கோடா ஓட்டணும், முதுகு போயிரும். ஆனா 1914ல திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பாருங்க, இரும்புச் சட்டம் எல்லாமே கோடுதான், அதுக்கு நேர்த்தையல் மாதிரி எதுவும் வராது. ரெண்டும் இருக்குற வீடுன்னா தண்ணியை ஸிக்ஸாக்ல நெரப்பிட்டு பாலத்தைக் கால் மெஷின்ல தைங்க. மோட்டார்ல தைக்கிறப்ப டார்னிங் ஃபுட் (ஊசியைச் சுத்தி நிக்கிற, துணியை நகர விடுற பாதம்) மாட்டிக்கோங்க, விரலுக்கு ஒரு காவல்.

நூல்ல ரேயானுக்கு மினுமினுப்பு ஜாஸ்தி, ஆனா ஈரம் பட்டா வலு கொறையும். வெயில் விழுற சுவருன்னா பாலியெஸ்டர், அது சீக்கிரம் வெளுக்காது. காடாத் துணிக்கு அடியில கேன்வாஸ் வச்சா சுருங்காது. கிழிஞ்ச நைலான் வலைத்துண்டை மேல வச்சுத் தச்சா நெஜமாவே அழகா இருக்கும், அது மேல சூடா இஸ்திரி மட்டும் போட்றாதீங்க, உருகிரும்.

எந்த மெஷினா இருந்தாலும் நம்ம உப்புக்காத்து விடாது. தச்சு முடிச்சதும் அடிநூல் இருக்குற பாபின் கேஸைக் கழட்டி பஞ்சு எடுத்து, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு மூடி வைங்க, அடுத்த தடவை வேஸ்ட் துணியில கொஞ்சம் ஓட்டி எண்ணெய் ஒட்டலைன்னு பாத்துட்டு ரிங்கை வைங்க.