பென்சில் கோட்டை நம்பி ஸ்லாப் போட்டேன்: கொழும்பில் வீடு கட்டுகிறவர்களுக்கும் கட்டுவிக்கிறவர்களுக்கும்

நான் வீடு கட்டிக்கொடுக்கிற சின்னக் கொந்தராத்துக்காரன். ஒரு ஆர்க்கிடெக்ட் வாயால் சொன்ன மாற்றத்தைச் செய்து நட்டப்பட்ட கதை இது. அவருடைய பெயரைக் கேட்டு இன்பொக்ஸுக்கு வரவேண்டாம், சொல்லமாட்டேன். ஒரு பெயரைத் தெரிந்து வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அதே வேலையைச் செய்கிற இன்னும் பத்துப் பேர் காலி வீதியின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் ஆறேகால் பேர்ச் காணி. ஏறத்தாழ 1,700 சதுர அடி, அவ்வளவுதான். கீழும் மேலே இரண்டு மாடியும். வீட்டுக்காரர் டொரொன்டோவில். அவருடைய அம்மா இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை பிளாட்டில் இருந்துகொண்டு, பின்னேரத்தில் குடையோடு வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். ஆர்க்கிடெக்டை அவர்கள் முதலே பிடித்துவிட்டார்கள். என்னிடம் விலை கேட்டதே அவர்தான். அந்த நன்றி என் வாயைக் கொஞ்சம் கட்டித்தான் போட்டது, மறைக்கமாட்டேன்.

ஆள் போலி இல்லை. பதிவுள்ள கட்டடக் கலைஞர். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள இலங்கையில் சட்டம் விடாது என்பதால், பதிவைப் பார்த்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை "சேர்" என்பேன், அவர் என்னை "அண்ணை" என்பார். கொழும்பில் அது அப்படித்தான்.

முதல் சந்திப்பிலேயே பாவா வந்துவிட்டார். இந்த ஊரில் எந்த ஆர்க்கிடெக்டோடு தேத்தண்ணி குடித்தாலும் மூன்றாவது மிடறில் இலங்கையின் பேர்போன கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பேச்சில் வருவார். நடுவில் வானம் பார்த்த முற்றம் வேணுமாம், 33ஆவது ஒழுங்கையில் பாவாவின் சொந்த வீட்டில் இருப்பதுபோல. பாவா அந்த வீட்டை வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக் கட்டினார். எங்களிடம் இருந்தது ஆறேகால் பேர்ச், அதிலும் பின்பக்கம் சட்டப்படி விடவேண்டிய வெளி போக மிச்சம். முற்றம் வந்தது. முற்றம் தின்ற இடத்தை எங்கேயாவது திருப்பி எடுக்க வேண்டும் அல்லவா? அது கடைசியில் படிக்கட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

டிராயிங் ஏ, பி, சி என்று மாறி மாறி வந்தது. கதவு அட்டவணை கடைசிவரை வரவே இல்லை. போன் எடுத்தால் "இண்டைக்கு அனுப்புறன் அண்ணை." இதெல்லாம் எல்லா சைட்டிலும் உள்ளதுதான், இதற்காக நான் பதிவு போடமாட்டேன்.

முதலாம் மாடி ஸ்லாப் போடுகிற நாள், சனிக்கிழமை. ஒழுங்கை ஒடுக்கம், பகலில் லொறி நின்றால் அயலட்டை சண்டைக்கு வரும். அதனால் ரெடிமிக்ஸ் கொங்கிரீட் பின்னேரம் ஆறு மணிக்குச் சொல்லியிருந்தது, பம்புக்கும் அட்வான்ஸ் கட்டியாயிற்று. கொங்கிரீட்டைத் தாங்குகிற பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்தது. காலை பத்து மணிக்கு சேர் வந்தார். மேலே ஏறிப் பார்த்தார், இறங்கினார், என் காதில் சொருகியிருந்த தச்சுப் பென்சிலை வாங்கினார். பூசாத கல்லுச் சுவரில் படிக்கட்டை வரைந்து, மேலே ஸ்லாப்பில் விட்டிருந்த திறப்பின் கீழ்முனையில் ஒரு கோடு கீறினார்.

"இதை மூண்டு படி உள்ளுக்க எடுங்கோ அண்ணை. மேல் அறையின்ர பாத்ரூம் கொஞ்சம் பெரிசா வரும்."

"அப்ப பீமும் நகரும், சேர். இஞ்சினியர்?"

"அவரோட நான் கதைக்கிறன். நீங்க பலகையை மாத்துங்கோ."

நான் மாற்றினேன். எட்டு மணித்தியாலத்தில் கொங்கிரீட் வருகிறது, பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. பலகைக்காரர்கள் மூன்று மணித்தியாலத்தில் பிரித்து அடித்தார்கள், கம்பியும் திருத்திக் கட்டினோம். ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்லாப் முடிந்தது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் போய், முட்டுக் கழற்றி, படிக்கட்டுக்குப் பலகை அடித்தோம். எங்கள் பலகைக்காரர் அட்டன் பக்கத்து ஆள், சின்ன உருவம். ஏழாவது படிக்கு மட்டம் வைத்துவிட்டு நிமிர்ந்தவருக்கு நெற்றியில் "டொக்" என்று பீம். "முதலாளி, இங்க வந்து பாருங்க" என்றார். டேப்பைப் பிடித்தேன். 62 அங்குலம். ஐந்தடி இரண்டங்குலம்.

கணக்கைச் சொல்கிறேன், ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும். தளத்துக்குத் தளம் 126 அங்குலம், ஏழு அங்குலத்தில் 18 படி. பீம் ஸ்லாப்போடு சேர்த்து 15 அங்குலம், ஆகவே பீமின் அடி தரையிலிருந்து 111. டிராயிங் சி-இல் பீம் நாலாவது படிக்கு மேல் இருந்தது. 111-இல் 28 போனால் 83, தாராளம். மூன்று படி தள்ளினால் ஏழாவது படிக்கு மேல் வருகிறது. ஏழேழு நாற்பத்தொன்பது, மிச்சம் 62. ஆர்க்கிடெக்ட் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடமாக வீடு கட்டுகிற எனக்கும் தலை இருக்கத்தானே செய்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவு. அடுத்த நாள் வட்ஸ்அப் அழைப்பு, டொரொன்டோவிலிருந்து வீட்டுக்காரர், இங்கே அவருடைய அம்மா, நான், சேர். சேர் தன் டப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்: டிராயிங் சி. திறப்பு முழு நீளத்தில் அழகாக இருக்கிறது. "நான் குடுத்த டிராயிங் இது. சைட்டில டிராயிங்கைப் பாக்காமல் வேலை செய்தால் இப்பிடித்தான் வரும்" என்றார். குரல் உயரவே இல்லை. அம்மா என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

சுவரைக் காட்டலாம் என்று எழும்பினேன். சுவர் இல்லை. அதாவது சுவர் இருக்கிறது, பென்சில் கோடு இல்லை. அதற்கு முதல் கிழமை என்னுடைய சொந்த மேசன் பாஸே அதன்மேல் பூசிவிட்டார்.

இஞ்சினியருக்குச் சொல்லவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு நியாயமானது. பீமை நகர்த்தினால் கம்பியின் கணக்கே மாறும். அந்த ஸ்லாப்பின் மேல் நாங்கள் மூன்று வாரம் கல் அடுக்கியிருந்தோம். கடவுள் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் புது டிராயிங் தந்தார். ஸ்லாப்பை இரண்டரை அடி வெட்டி, புதுப் பீம் போட்டு, தண்ணீர் கசியாத பூச்சுப் பூசி முடிந்திருந்த பாத்ரூமை உடைத்து, எல்லாமாக ஏழு இலட்சத்து நாற்பதாயிரம். முழுக்க என் தலையில்.

ஏன் நான் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். பில் போட்டால் ஆர்க்கிடெக்ட் கையெழுத்து வைத்தால்தான் வீட்டுக்காரர் காசு விடுவார், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான் "சேர் வாயால் சொன்னார்" என்று கடிதம் எழுதிய மாதம், என் பில் ஆறு கிழமை அவருடைய மேசையில் கிடந்தது. எழுபது பேர்ச் காணியில் வேலை செய்கிற பெரிய கம்பனி என்றால் தாங்கும். என்னிடம் சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் பதினொரு பேர்.

முன்பக்கத்து இரும்புச் சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். கடல் முந்நூறு மீற்றருக்குள், உப்புக் காற்று, சாதாரண இரும்பு வேண்டாம், அலுமினியம் போடுவோம் என்றேன். "லுக் போயிடும் அண்ணை." தென்மேல் மழை முடியமுன் வெள்ளைச் சுவரில் சிவப்புக் கண்ணீர். அதையும் நான்தான் சுரண்டிப் பூசினேன்.

அவருடைய கட்டணம் கட்டடச் செலவின் வீதத்தில். செலவு கூடினால் அவருக்குக் குறையப்போவதில்லை. இதை வீட்டுக்காரர்கள் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கவேண்டும். முடியுமென்றால் நிலையான தொகை பேசுங்கள். இஞ்சினியரின் காசை ஆர்க்கிடெக்ட் வழியாக விடாமல் நேரே கொடுங்கள், ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் முதல் அவர் வந்து கம்பியைப் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அந்தக் கையெழுத்தின் படத்தைக் கேளுங்கள், ஸ்லாப்பின் படத்தைக் கேட்காதீர்கள். ஸ்லாப் எல்லாப் படத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

என்னைப்போன்ற சின்ன ஆட்களுக்கு ஒரு விஷயம். பெரிய சைட்டுகளில் பாவிக்கிற 1999ஆம் ஆண்டு ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுச் சம்மேளனம்) ஒப்பந்தத்தில் ஒரு வசதி உண்டு: வாயால் தந்த கட்டளையை இரண்டு வேலை நாளுக்குள் நாம் எழுதி உறுதிப்படுத்தினால், அவர்கள் அடுத்த இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால், அது எழுத்தில் தந்த கட்டளையாகிவிடும். நம்முடைய நாலு பக்க ஒப்பந்தத்தில் இது இருக்காது. நான் இப்போது அதை ஒரு வரியாகச் சேர்த்துத்தான் கையெழுத்து வைக்கிறேன். ஒரு ஆர்க்கிடெக்ட் அந்த வரியைப் பார்த்துவிட்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். போகட்டும்.

சுவரில் கீறினால் கீறிய ஆளோடு சேர்த்துப் படம் எடுக்கிறேன். ராத்திரியே மின்னஞ்சல், வீட்டுக்காரருக்கும் பிரதி: "இன்று காலை பத்து மணிக்கு நீங்கள் சொன்னபடி..." ரெடிமிக்ஸ் வாசலில் நின்றாலும், பீம், தூண், படி மூன்றில் மாற்றம் என்றால் இஞ்சினியரின் குரலைக் கேட்காமல் பலகையில் கை வைப்பதில்லை. சேரோடு போனில் கதைத்தது போதாது, இஞ்சினியரே எனக்கு எடுக்கவேண்டும்.

வீட்டுக்காரரின் அம்மா போன மாதம் குடி புகுந்தார், பால் காய்ச்சும்போது என்னையும் கூப்பிட்டார். படி ஏறும்போது ஏழாவது படியில் என் தலை தானாகவே குனிந்தது. இப்போது அங்கே பீம் இல்லை, அது திரும்ப நாலாவது படிக்கு மேல், 83 அங்குல உயரத்தில் இருக்கிறது. அந்தச் சுவரில், சரியாகக் கோடு இருந்த உயரத்தில், பிள்ளையார் படம் மாட்டியிருக்கிறார்கள். குவாரி வீதியில் கம்பி வாங்கிய கடைக்கு இன்னும் நாலு தவணை இருக்கிறது.