பழைய காரின் மங்கிய பெயிண்ட்: பாலிஷா, கோட்டிங்கா, ஸ்பிரேயா?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள திறந்தவெளிக் கார்ப்பேட்டையில் என் காரும் மச்சான் காரும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். என்னுடையது கருநீலம். 2009இல் பதிவானது, 2019இல் இன்னொரு பத்தாண்டுக்கு சிஓஇயை, அதாவது வாகன உரிமைச் சான்றிதழை, புதுப்பித்தேன். அவருடையது சிவப்பு. 2015இல் பதிவானது, 2025இல் ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்தார். இரண்டுமே வெயிலில் வெளுத்துப்போயிருந்தன. “கோட்டிங் போட்டுட்டா பழையபடி ஆயிடும்ல மச்சான்?” என்று அவர் ஒரு நாள் கேட்டார். ஆகாது. ஏன் ஆகாது என்பதை விளக்க எனக்கு அரை மணி நேரமும் ஒரு வாளித் தண்ணீரும் தேவைப்பட்டன.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. ஆலையில் அடிக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. பிரிண்டரில் வைக்கும் ஏ4 தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. நம் கையிருப்பு அவ்வளவுதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தொடுவது இங்கே புதிதல்ல. பானெட்டும் கூரையும் முதலில் கெட்டு, கதவுகள் தப்பித்துக்கொள்வது, வெயில் உச்சியிலிருந்து நேராக விழுவதால்தான். போதாக்குறைக்கு மைனா எச்சமும் தூங்குமூஞ்சி மரத்துப் பிசுக்கும்.

அந்த வாளித் தண்ணீர் எதற்கு? மங்கிய இடத்தைக் கழுவிவிட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் ஆழமாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால் கெட்டது கிளியர் கோட்டின் மேற்பரப்பு மட்டும்தான். பாலிஷுக்கு மசியும். ஆனால் வரைபடத்தில் தீவு வரைந்ததுபோல் ஓரம் தெரியும் வெள்ளைத் திட்டுகள் இருந்தால், அந்த ஓரத்தில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டினால் அங்கே கிளியர் கோட் உரிந்துவிட்டது. இல்லாத ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது. என் காரின் பானெட் முதல் வகை, கூரை இரண்டாவது வகை. மச்சான் காரில் எல்லாமே முதல் வகை.

மலிவானதிலிருந்து வருகிறேன். கையால் போடும் மெழுகு வாக்ஸ் ஒரு டப்பா சில பத்து வெள்ளிதான். தடவித் துடைத்ததும் நிறம் கூடின மாதிரி இருக்கும். ஆனால் அது நுண்ணிய கீறல்களை நிரப்பி மறைக்கிறது, நீக்குவதில்லை. கார்னௌபா மெழுகு, பிரேசிலின் ஒரு வகைப் பனை ஓலையிலிருந்து எடுப்பது, பார்க்க அழகுதான். நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்கள் தாங்கினாலே அதிகம். நல்ல பெயிண்டைக் காப்பாற்ற வாக்ஸ் போதும். மங்கியதை மீட்க அது மட்டும் போதாது.

இயந்திர பாலிஷ்தான் உண்மையில் வேலை செய்வது. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையில் உள்ள நுண்துகள்கள் கெட்டுப்போன மேல்பரப்பை மைக்ரான் கணக்கில் சீவி, அடியில் இருக்கும் நல்ல பரப்பை வெளியே கொண்டுவருகின்றன. கழுவி, களிக்கட்டியால் ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்து, காம்பவுண்ட் ஓட்டி, அதைவிட நுண்ணிய பாலிஷ் ஓட்டி, கடைசியில் வாக்ஸோ, சீலண்ட் என்ற செயற்கைக் காப்புப் பூச்சோ போடுவது முறை. களிக்கட்டி ஓட்டாமல் நேராக இயந்திரத்தை வைத்தால் அந்த அழுக்கே புதிய கீறல் போடும்.

இங்கே இரண்டு இயந்திரங்கள் உண்டு. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும், சூடும் ஏற்றும். சுழன்றுகொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெதுவாக வெட்டும், தவறைப் பொறுத்துக்கொள்ளும். என் பானெட்டை முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். ரோட்டரியை மடிப்பு ஓரத்தில் ஒரு கணம் கூடுதலாக வைத்துவிட்டார்கள். ஓரங்களில் பெயிண்ட் எப்போதுமே மெல்லியது. ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்கு அடியில் இருந்த சாம்பல் நிற பிரைமர், அதாவது அடிப்பூச்சு, தெரிந்தது. “பழைய கார்ல அப்படித்தான்” என்றார்கள். அப்படி இல்லை. ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தால் அது நடந்தே இருக்காது. அதனால் கடையில் கொடுப்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பெயிண்ட் கனத்தைக் கருவி வைத்து அளப்பீர்களா? ஓரங்களுக்கு டேப் ஒட்டுவீர்களா? இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மிச்சத்தை நானே டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் முடித்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் பொது மின்செருகியைத் தேடாதீர்கள், பேட்டரி இயந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். பலமாடிக் கார்ப்பேட்டையின் நிழலான தளத்தில், பானெட்டைத் தொட்டால் கை சுடாத நேரத்தில் செய்தேன். இரண்டடிச் சதுரமாகப் பிரித்து, பட்டாணி அளவு நாலைந்து சொட்டு. முதல் சதுரம் முடிந்து மைக்ரோஃபைபர் துணியால் துடைத்ததும், கூரைக் குழல் விளக்கின் பிம்பம் விளிம்பு சிதறாமல் பானெட்டில் விழுந்தது. அடுத்த சதுரத்தில் அதே விளக்கு பால் கலந்த தண்ணீரில் தெரிவதுபோல் கலங்கி நின்றது. அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு முதுகுவலி தெரியவில்லை.

பாலிஷ் துணியில் காரின் நிறமே ஒட்டினால் பயப்பட வேண்டாம். சில பழைய வேன், லாரிகளில் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுதான் இருக்கும், நிறம் வருவது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

சரி, மச்சான் கேட்ட செராமிக் கோட்டிங்? அது சிலிக்கா சார்ந்த கடினமான, மெல்லிய, ஒளி ஊடுருவும் படலம். வாக்ஸைவிட எத்தனையோ மடங்கு நீடிக்கும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். ஆனால் அடியில் இருப்பதைத்தான் பூட்டிவைக்கும். மங்கலின்மேல் போட்டால் மங்கலைத்தான் பூட்டும். அதில் செலவாகும் பணத்தில் பெரும்பங்கு கோட்டிங்குக்கு முன்னால் செய்யும் பாலிஷுக்கே என்று நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படி பாலிஷ் என்று சொல்லாமல் எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று மட்டும் பேசும் கடை எனக்குப் பிடிப்பதில்லை. வெயிலில் காயும் நீர்க்கறையும் கோட்டிங்கில் பிடிக்கும், அது தப்பவைக்காது.

ராப், அதாவது காரின்மேல் ஒட்டும் வண்ணப் படலம், ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உரியும் கிளியர் கோட்டின்மேல் ஒட்டினால் சரியாகப் பிடிக்காது, எடுக்கும்போது மிச்சப் பெயிண்டையும் கொண்டுபோகும். பெயிண்ட் நன்றாக இருப்பவர்களுக்கான வழி அது.

கிளியர் கோட் போன இடத்துக்கு ஸ்பிரே ஒன்றே தீர்வு. உப்பு காகிதத்தால் தேய்த்து, பிரைமர், நிறம், கிளியர் என்று திரும்ப அடிக்க வேண்டும். டப்பா ஸ்பிரே வாங்கிக் கார்ப்பேட்டையில் அடிக்க நினைக்காதீர்கள். இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் உறுதியான கிளியரின் ஹார்டனரில், அதாவது இறுகவைக்கும் பொருளில், ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைப் பாதிக்கும். அது முகமூடியும் காற்றோட்ட அறையும் உள்ளவர்களின் வேலை. கார்ப் பட்டறைகள் நிறைந்த உபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் விசாரித்தால் ஒரு பகுதிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். முழுக் காரையும் அடிக்கச் சொல்லித் தூண்டுவார்கள், கெட்ட பகுதியை மட்டும் கேளுங்கள். வேறு நிறம் ஆசைப்பட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவை மாற்ற வேண்டும்.

அப்புறம் சிஓஇ கணக்கு. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. 2030இல் மச்சான் கார் போயே ஆக வேண்டும். பத்தாண்டுக்குள் காரைப் பதிவுநீக்கினால் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் கழிவும் புதுப்பித்தபோதே போய்விட்டது. அந்தக் காரில் ஆயிரக்கணக்கில் செராமிக் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருமுறை ஒழுங்கான இயந்திர பாலிஷ், பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை சீலண்ட் என்று சொன்னேன், அதையே செய்தார். சிவப்பு திரும்பி வந்துவிட்டது. என் காரை 2029இல் இன்னொரு முறை புதுப்பிக்க வழி இருக்கிறது, அந்த எண்ணமும் இருக்கிறது. அதனால் கூரைக்கு மட்டும் ஸ்பிரே, மற்ற இடமெல்லாம் பாலிஷ்.

புதிதாக அடித்த கூரைக்கு இரண்டு மாதம் வாக்ஸ் போடவேண்டாம் என்று ஸ்பிரே அடித்தவர் சொல்லியிருக்கிறார். அதுவரை காரின் பின்புறப் பெட்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மெல்லிய துணியும் வைத்திருக்கிறேன். மைனா எச்சத்தைப் பார்த்தால் ஊறவைத்து, அழுத்தாமல் எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறேன்.