விண்டோஸ் 11 ப்ரோ ‘என்’: குறைந்த சரக்கு, அதே விலை

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவும் வட்டின் நகல்) பென்டிரைவில் போட்டு நிறுவும்போது ஒரு பட்டியல் வரும்: ஹோம், ஹோம் என், ப்ரோ, ப்ரோ என்... அவசரத்தில் ‘என்’ (ஆங்கில N: மீடியா வசதிகள் நீக்கிய பதிப்பு) உள்ள வரியைத் தொட்டுவிட்டால் வேலை இரட்டிப்பு. ப்ரோவுக்கு வாங்கிய கீ (உரிமக் குறியீடு) அதில் ஆக்டிவேட் ஆகாது; ‘ப்ரோ என்’ கீ சாதா ப்ரோவில் எடுபடாது.

இந்தப் பதிப்பு பிறந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில். விண்டோஸோடு மீடியா பிளேயரையும் சேர்த்துக் கட்டி விற்றது ரியல்பிளேயர் போன்ற போட்டியாளர்களை நசுக்குகிறது என்று 2004 மார்ச்சில் முடிவுசெய்த ஐரோப்பிய ஆணையம், சர்வர் தொடர்பான இன்னொரு குற்றத்தையும் சேர்த்து மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிளேயர் இல்லாத விண்டோஸும் விற்பனைக்கு வரவேண்டும் என்றது. ஆனால் அதை மலிவாக விற்கும்படி சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான். அதே விலைக்குக் குறைந்த சரக்கை எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி வாங்கும்? 2005இல் வந்த ‘விண்டோஸ் எக்ஸ்பி என்’ பதிப்பு கடையிலேயே தூங்கியது. வழக்கில் வென்றது ஆணையம். சந்தையில் எதுவும் அசையவில்லை.

பிளேயர் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டுக்கொள்ளலாம். அதன் அடியில் இருந்து ஒலி, வீடியோவை இயக்கும் மீடியா ஃபவுண்டேஷனும் சேர்ந்தே போய்விடுகிறது. அதை நம்பி எழுதிய கேம்கள் ‘எம்எஃப்பிளாட் டிஎல்எல் இல்லை’ (அதன் ஃபைல்களில் ஒன்று) என்று திறக்கவே மறுக்கும், அல்லது இடையில் வரும் வீடியோக் காட்சியில் விழும். கேமரா ஆப் வேலை செய்யாது, முகம் காட்டித் திறக்கும் விண்டோஸ் ஹலோவும் தகராறு செய்யும். விஎல்சி இதற்கு மருந்தல்ல: அது தன் கோடெக்கை (வீடியோவைப் பிரித்துக் காட்டும் நிரல்) தானே கொண்டுவருகிறது, மற்ற மென்பொருள்களுக்குத் தருவதில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிஎல்எல்லைத் தனியாக ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி ஒட்டுவது அதைவிட மோசம்.

சரியான வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் (பழைய பதிப்புகளில் இது ஆப்ஸுக்குள் இருக்கும்). அங்கே ‘மீடியா ஃபீச்சர் பேக்’ என்று தேடி நிறுவுங்கள். இலவசம்தான், இணையம் வேண்டும். ரீஸ்டார்ட் செய்யாமல் சோதித்துவிட்டுத் திட்டாதீர்கள்.

உண்மையிலேயே கட்டு அவிழ்ந்த விண்டோஸ் வேறு. 2024 மார்ச் முதல் அமலான ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சாதா விண்டோஸ் 11இலேயே எட்ஜ் பிரவுசரை நீக்கலாம், விண்டோஸ் தேடலிலிருந்து பிங் தேடுபொறியையும் கழற்றலாம். எதுவும் உடைவதில்லை. நிறுவும்போது தேர்ந்தெடுக்கும் நாட்டைப் பார்த்தே இந்த உரிமை கிடைக்கும். பிறகு மாற்ற, கணினியை ரீசெட் செய்தாக வேண்டும்.

ஆக, ‘என்’ பதிப்பின் கீ மலிவாகக் கண்ணில் பட்டாலும் புதிதாக வாங்காதீர்கள். ஆபீஸில் ஏற்கெனவே ‘என்’ உரிமம் இருந்தால் மாற்றவும் வேண்டாம். முதல் நாளே பேக்கைப் போட்டுவிடுங்கள்.