டஸ்ட்டா, இலைத் தூளா: எங்கள் வீட்டு டீ டப்பா மாறிய கணக்கு

பால் ஊற்றித்தான் குடிப்பேன் என்பவர்கள் டஸ்ட்டை விட வேண்டாம். பாலைக் குறைத்துவிட்டவர்கள் இலைத் தூளுக்கு மாறிப் பார்க்கலாம். நான் மாறிவிட்டேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டும் ஒரே செடியின் கொழுந்துதான். சிடிசி முறையில் வாட்டிய இலை பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே போய் நசுங்கி, கிழிந்து, குருணையாக விழுகிறது. 1930-களில் அசாமில் மெக்கெர்ச்சர் என்ற தோட்ட மேலாளர் கொண்டுவந்த எந்திரம் அது. அதில் சலித்தெடுக்கும் பொடிதான் நம் டஸ்ட். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை முறுக்குவதோடு சரி, நான் இலைத் தூள் என்பது அதைத்தான். நீலகிரிச் சிறு விவசாயிகளின் பச்சை இலையில் பெரும்பகுதி சிடிசிக்கே போகிறது. மளிகைக் கடையில் இலைத் தூள் கேட்டால் முழிக்கிறார்கள்.

ருசியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. டஸ்ட் கொதித்த உடனே நிறமும் கடுப்பும் இறக்கிவிடும். இஞ்சி, ஏலக்காய், பால் எதைப் போட்டாலும் தாங்கும். இலைத் தூளைக் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு போட்டு, மூடி வைத்து, நாலு நிமிடத்தில் வடிகட்ட வேண்டும். விலை கூடத்தான். ஆனால் அதே இலையில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றினாலும் குடிக்கிற மாதிரி ஒரு டம்ளர் கிடைக்கும். டஸ்ட்டில் அந்தப் பேச்சே இல்லை.

என்னை மாற்றியது ருசியும் இல்லை, விலையும் இல்லை. கலப்படம். ஒருமுறை பயன்படுத்திய தூளைக் காயவைத்து, சாயம் ஏற்றி, நல்ல தூளோடு கலந்து விற்பது நம் ஊரில் பழைய வியாபாரம். பொடியில் பொடியைக் கலந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, சாயத் தூள் நல்ல தூளைவிடச் சீக்கிரமாக, பளிச்சென்று நிறம் கொடுக்கும். நாமும் ‘ஸ்ட்ராங்கான தூள்’ என்று மெச்சி அதையே வாங்குவோம்.

டஸ்ட்டைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) கொஞ்சம் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, தூளை உதறிவிட்டுத் தாளைக் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அழுத்தமான கறை இருந்தால் சாயம். இரும்புத் தூள் கலந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் உருளை தேய்ந்தும் துளி இரும்பு வரும் என்பதால் ஓரிரு துகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இலைத் தூளுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. வடிகட்டியில் மிஞ்சியதைத் தட்டில் கொட்டி விரலால் விரித்தால் போதும். கறுத்துச் சுருண்டு கிடந்தது செம்புநிறத்தில் பிரிந்திருக்கும். நரம்பும், ரம்பப் பல் போன்ற ஓரமும், சில சமயம் நுனி மொட்டும் தெரியும். குச்சி அதிகமிருந்தால் அதுவும் அப்படியே தெரிந்துவிடும். பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்பது இதில் தெரியாது, அதற்கு ஆய்வகம்தான்.

ஒரு எச்சரிக்கை: ஆர்த்தடாக்ஸ் என்று எழுதியிருந்தாலே முழு இலை ஆகிவிடாது. பிஓபி என்றால் உடைத்த இலை. ஃபேனிங்ஸ் அதைவிடப் பொடி. ஆர்த்தடாக்ஸிலேயே டஸ்ட்டும் உண்டு. இவற்றில் நான் சொன்ன விரல் சோதனை சரியாக நடக்காது. ஓபி, எஃப்ஓபி என்று முழு இலைத் தரம் போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

டீக்கடை, ஹோட்டல் கணக்கு எனக்குத் தெரியாது. இது வீட்டு அனுபவம் மட்டுமே. விருந்தாளிக்குப் பால் டீ போட நூறு கிராம் டஸ்ட் எங்கள் வீட்டிலும் உண்டு. சில்லறையாகக் கட்டித் தருவதை வாங்குவதில்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பாக்கெட் மட்டும்தான்.